ஆகாயத்துக்குப் பெயர் வைத்தவர்கள்

1783ஆம் ஆண்டு ஓகஸ்ட் 27ஆம் திகதி மாலை, பாரிஸ் நகரின் ஷோன் த மார்ஸ் திடலில் மழையையும் பொருட்படுத்தாது பெருங்கூட்டம் கூடியிருந்தது. பௌதிகவியலாளரான ஜாக் ஷார்ளும் ரொபேர் சகோதரர்களும் இணைந்து உருவாக்கிய பட்டுத்துணி உருண்டை ஒன்று அங்கிருந்து மேலெழுந்து, சிறிது நேரத்தில் முகிலுக்குள் மறைந்தது. அதன் விட்டம் ஏறத்தாழ நான்கு மீற்றர். ஏறத்தாழ 500 கிலோகிராம் இரும்பின்மீது கந்தக அமிலத்தை ஊற்றி, நாட்கணக்கில் பாடுபட்டுப் பெற்ற ஐதரசன் வாயு அதனுள் நிரப்பப்பட்டிருந்தது. முக்கால் மணி நேரத்தின் பின்னர், நகருக்கு வடக்கே கொனெஸ் என்ற கிராமத்தின் வயலில் அது வீழ்ந்தது.

கொனெஸ் மக்களுக்கு ஷோன் த மார்ஸில் நடந்தது எதுவும் தெரியாது. வானத்திலிருந்து விழுந்து, தரையில் புரண்டு, மூச்சுவிடுவதுபோல் அசைந்துகொண்டிருந்த அந்த உருவத்தை அவர்கள் கவர்க்கோல்களால் குத்திக் கிழித்தார்கள். அவர்களை அறிவிலிகள் என்று பாரிஸ் நகரத்தார் எள்ளி நகையாடினர். ஆனால், தமது மொழியில் பெயரில்லாத ஒரு பொருள் தமது வயலில் வந்து விழும்போது, மனிதர் வேறென்ன செய்வர்? பெயரில்லாததைப் பூதம் என்று கொள்வது மனித இயல்பு.

இச்சம்பவத்தை அடுத்து பிரெஞ்சு அரசாங்கம் பொதுமக்களுக்கு ஓர் அறிவித்தலை வெளியிட்டது. இத்தகைய உருண்டைகளை மக்கள் இனியும் வானத்தில் காணக்கூடும், அவை ஒளி மங்கிய சந்திரனைப் போலத் தோன்றும், ஆனால் அஞ்சவேண்டியதில்லை, துணியாலும் காகிதத்தாலும் செய்யப்பட்ட யந்திரமே அது, எவருக்கும் தீங்கு செய்யாது, என்றோ ஒரு நாள் சமூகத்தின் தேவைகளுக்குப் பயன்படும். அறிவித்தலின் சாரம் இதுவே.

ஆகாயத்தில் பறக்கும் பொருளுக்கு ஒரு பெயரையும் விளக்கத்தையும் மேலிடம் கீழிடத்துக்கு வழங்கிய சந்தர்ப்பம் அது. கூடவே ஒரு வாக்குறுதியும் வழங்கப்பட்டது: தீங்கு செய்யாது என்பதே அவ்வாக்குறுதி. பறத்தலைப் பற்றிய சொற்கள் எங்கிருந்து வந்தன, அவற்றை யார் ஆக்கினார்கள் என்பதைத் தேடிப் படிப்பது எனக்கு நெடுநாளைய விருப்பம். அந்தச் சொற்களின் பின்னே சென்றால், அந்த வாக்குறுதிக்கு என்ன நேர்ந்தது என்பதும் தெரியவருகின்றது.

முதலில், நாம் எல்லோரும் அறிந்த பலூன் என்ற சொல். அது பறக்கும் பொருளுக்கென ஆக்கப்பட்டதன்று. காற்றடைத்த பெரிய பந்தையும், இரசாயனக் கூடத்தில் பயன்படும் வயிறு பருத்த கண்ணாடிக் குடுவையையும் பிரெஞ்சுக்காரர் முன்னரே 'பலோன்' என்று அழைத்துவந்தனர். விளையாட்டு மைதானத்திலும் ஆய்வுகூடத்திலும் கிடந்த சொல் 1783இல் ஆகாயத்துக்கு ஏறியது. கற்றோருக்கு அது போதவில்லை. கிரேக்கத்திலிருந்து 'ஏரோஸ்டாட்' என்ற சொல்லைக் கட்டினார்கள். காற்றில் நிற்பது என்பது அதன் பொருள். பறப்பது என்று அவர்கள் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

பலூன்கள் அந்த ஆண்டிலேயே இரண்டு குலங்களாகப் பிரிந்தன. காகித ஆலை நடத்திய குடும்பத்தவரான ஜோசெப், எத்தியேன் மொங்கோல்ஃபியே என்ற சகோதரர்கள் 1783 ஜூன் 4ஆம் திகதி அன்னோனே என்ற ஊரில் பகிரங்கமாக ஏற்றிக் காட்டிய, தீமூட்டி எழுப்பும் வகைக்கு 'மொங்கோல்ஃபியேர்' என்று பெயர் வந்தது. ஷார்ளின் ஐதரசன் வகை 'ஷார்ளியேர்' ஆயிற்று. மொங்கோல்ஃபியே சகோதரர்கள், புகையில்தான் எழுப்பும் ஆற்றல் இருப்பதாக எண்ணினார்கள். ஆகையால் ஈரவைக்கோலையும் கம்பளி மயிரையும் எரித்துக் கரும்புகை எழுப்பினார்கள். அந்தக் கற்பனை வாயுவுக்கு 'மொங்கோல்ஃபியே வாயு' என்றுகூடப் பெயர் வழங்கியது. உண்மையில் அவர்களை உயர்த்தியது சூடேறி விரிவடைந்து இலேசான சாதாரண காற்று மாத்திரமே. விளக்கம் பிழைத்தது, வாயுவின் பெயர் மறைந்தது, பலூனின் பெயர் மட்டும் நிலைத்தது. பிரெஞ்சு மொழியில் சூடான காற்றுப் பலூனை இன்றும் மொங்கோல்ஃபியேர் என்றே அழைக்கின்றனர்.

மூன்றாவது பெயரும் ஒன்று உண்டு. 1783 நவம்பர் 21ஆம் திகதி மார்க்கி தார்லாந்துடன் சேர்ந்து, கட்டில்லாத பலூனில் முதன்முதலாக மனிதப் பயணம் செய்தவர் பிலாத்ர் த றொஸியே. ஐதரசன் உருண்டையையும் சூடான காற்றையும் ஒரே கலத்தில் இணைத்து ஆங்கிலக் கால்வாயைக் கடக்க அவர் பின்னர் முயன்றார். 1785 ஜூன் 15ஆம் திகதி அவரும் அவருடைய துணைவர் பியேர் றொமேனும் பிரெஞ்சுக் கரையிலேயே வீழ்ந்து மாண்டனர். தீயையும் ஐதரசனையும் அருகருகே வைப்பது தற்கொலைக்கு ஒப்பானது என்றாயிற்று. ஆனால் இரண்டு முறைகளையும் இணைக்கும் கலத்துக்கு அவர் பெயரே தங்கிவிட்டது. ஐதரசனுக்குப் பதிலாகத் தீப்பற்றாத ஹீலியம் வந்த பின்னர், 1999 மார்ச் மாதத்தில் பேட்ரண்ட் பிக்காரும் பிரையன் ஜோன்ஸும் எங்கும் தரிக்காமல் உலகைச் சுற்றிவந்த பலூன் 'றொஸியேர்' வகையைச் சேர்ந்ததே. அவரைக் கொன்ற கருத்து 214 ஆண்டுகளின் பின்னர் அவருடைய பெயரிலேயே உலகைச் சுற்றியது.

பலூனில் ஏறியவர்களுக்கு என்ன பெயர்? இங்கேதான் கடல் வந்து சேர்கின்றது. 'ஏரோநோட்' என்றால் காற்றின் மாலுமி. அவர் நின்ற கூடைக்கு 'நசெல்' என்று பெயர். அது சிறு படகைக் குறிக்கும் சொல். பின்னாளில் வெனிஸ் நகரப் படகின் பெயரான 'கொண்டோலா'வும் வந்து சேர்ந்தது. பாரத்துக்காக ஏற்றிய மணல்மூட்டைகளுக்குக் கப்பலின் அடிப்பாரத்தைக் குறிக்கும் சொல். தரையைப் பற்றும் கொக்கிக்கு நங்கூரம் என்ற சொல். காற்றைக் கடலாகக் காணும் இந்தப் பார்வை பலூனுக்கும் முந்தியது. இத்தாலியப் பாதிரியாரான லானா த தெர்ஸி, காற்று அகற்றப்பட்ட நான்கு செப்புக் கோளங்கள் தாங்கிச்செல்லும் பறக்கும் கப்பல் ஒன்றை 1670இல் காகிதத்தில் வரைந்தார். அதற்குப் பாயும் வைத்திருந்தார்.

இந்த உவமை அழகானது. ஆனால் பிழையானது. கடலில் ஓடும் பாய்க்கப்பல் இரண்டு ஊடகங்களுக்கு இடையே இருக்கின்றது. காற்று அதன் பாயைத் தள்ளுகின்றது. நீர் அதன் உடலைப் பற்றிக்கொள்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டினாலேயே மாலுமி தான் விரும்பிய திசையில் கப்பலைத் திருப்புகின்றான். பலூனுக்கோ ஒரே ஊடகந்தான். அது காற்றில் முழுதாக அமிழ்ந்து, காற்றின் வேகத்திலேயே செல்கின்றது. பலூனில் கட்டிய கொடி பறக்காது, தொய்ந்தே கிடக்கும். அதில் பாய் விரிப்பதால் யாதொரு பயனும் இல்லை.

ஆயினும் கப்பல் என்று பெயரிட்ட பின்னர், பாயும் துடுப்பும் சுக்கானும் வேண்டாமா? பலர் அவற்றைப் பொருத்தினார்கள். 1785 ஜனவரி 7ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாகப் பலூனில் கடந்த பிளான்ஷாரும் ஜோன் ஜெஃப்ரிஸும் துடுப்புகளுடனேயே புறப்பட்டார்கள். நடுவழியில் பலூன் இறங்கத் தொடங்கியதும் மணல்மூட்டைகளையும் துடுப்புகளையும் ஈற்றில் தமது உடைகளையும் கடலில் எறிந்தே அவர்கள் மறுகரை சேர்ந்தனர். பாரமாக எறியப்பட்டதைத் தவிர, அந்தத் துடுப்புகளால் வேறு பயன் விளையவில்லை. ஒரு சொல் மனிதரின் கைகளில் துடுப்பைத் திணிக்க வல்லது என்பதற்கு இதனிலும் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது.

காற்றுடன் அடித்துச் செல்லப்படும் பலூனுக்கு ஒரு குறை இருக்கின்றது என்பதை அடுத்த பெயரே ஒப்புக்கொள்கின்றது. 'டிரிஜிபிள்' என்றால் திசைப்படுத்தக்கூடியது, அவ்வளவே. அது முதலில் பெயர்ச்சொல்லன்று, அடைமொழி. ஹென்றி ஜிஃபார் 1852 செப்டெம்பர் 24ஆம் திகதி மூன்று குதிரைவலு நீராவி யந்திரம் பூட்டிய நீள்வடிவப் பலூனில் பாரிஸிலிருந்து ஏறத்தாழ 27 கிலோமீற்றர் சென்றார். காற்றை எதிர்த்துத் திரும்பிவர அவரால் இயலவில்லை. 1884 ஓகஸ்ட் 9ஆம் திகதி றெனார், கிறெப்ஸ் என்ற இராணுவ அதிகாரிகள் இருவர், 'லா பிரான்ஸ்' என்ற மின்மோட்டார்ப் பலூனில் 23 நிமிடங்கள் பறந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினர். அன்றுதான் அந்த அடைமொழி உண்மையாயிற்று.

இதற்கிடையில், கப்பல் என்ற உவமையையே தூக்கி எறியவேண்டும் என்று ஒரு குழுவினர் 1863இல் பாரிஸில் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் நடார். பறவை காற்றைவிடப் பாரமானது. ஆகவே, பறக்க விரும்பும் மனிதன் காற்றைவிடப் பாரமான யந்திரத்தையே கட்டவேண்டும் என்பது அவர்களது கொள்கை. அக்குழுவின் இன்னொருவர் கபிரியேல் த லா லாந்தெல். அவர் முன்னாள் கடற்படை அதிகாரி, கடற்கதைகள் எழுதியவர். அந்தக் கடலோடிதான், இலத்தீனில் பறவையைக் குறிக்கும் 'ஆவிஸ்' என்ற சொல்லிலிருந்து 'ஆவியாசியோன்' என்ற சொல்லைப் பிறப்பித்து, 1863இல் அதனைத் தன் நூலின் தலைப்பிலேயே இட்டார். ஆங்கிலத்தில் ஏவியேஷன் என்று வழங்குவது இதுவே. கடலின் சொற்களை ஆகாயத்திலிருந்து இறக்கிவிட முனைந்தவர் ஒரு மாலுமி என்பது வரலாற்றின் குறும்பு.

மூன்றாமவர் பொந்தொன் தமேக்கூர். சுருள் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லையும் சிறகு என்ற சொல்லையும் இணைத்து, 1861இல் 'எலிகொப்டேர்' என்ற பெயரை ஆக்கினார். அவர் செய்த நீராவி மாதிரி எழவில்லை. சொல் மட்டும் எழுந்தது. மனிதனைச் சுமக்கும் ஹெலிகொப்டர் உருவாவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னதாகவே அதன் பெயர் காத்திருந்தது. 'ஹெலிகோ' என்றும் 'ப்டர்' என்றும் பிரியவேண்டிய அச்சொல்லை உலகம் 'ஹெலி' என்றும் 'கொப்டர்' என்றும் பிளந்தது. பெயர் வைத்தவருடைய இலக்கணம் பெயரைப் பயன்படுத்துபவரைக் கட்டுப்படுத்துவதில்லை.

நடாரின் கதையில் இன்னுமொரு முரண் உண்டு. பாரமான யந்திரம் கட்டப் பணம் வேண்டும். பணம் திரட்ட அவர் என்ன செய்தார்? 6,000 கன மீற்றர் கொள்ளளவுள்ள 'லெ ஜேயோன்' என்ற மாபெரும் பலூனைக் கட்டினார். பலூனை ஒழிக்கப் பலூன்! 1863 ஒக்டோபரில் அதன் இரண்டாவது பயணம், ஜேர்மனியின் ஹனோவர் பகுதியில், தரையோடு நெடுந்தூரம் இழுபட்டு முடிந்தது. நடாரும் மனைவியும் காயமடைந்தனர். மிஞ்சியது கடன். ஆயினும் நண்பர் ஜூல் வேர்ண், 1865இல் வெளிவந்த சந்திரப் பயண நாவலில், நடாரின் பெயரெழுத்துக்களை மாற்றியமைத்து ஆர்டான் என்ற பாத்திரத்தைப் படைத்து அவரை வாழவைத்தார்.

பெயர்களுக்காக மனிதர் எவ்வளவு தூரம் போராடினார்கள் என்பதை அடுத்த காலகட்டம் காட்டுகின்றது. கிளெமோன் அடேர் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் வெளவாலைப் போன்ற சிறகுகளுடன் நீராவி யந்திரம் ஒன்றை அமைத்தார். 1890 ஒக்டோபர் 9ஆம் திகதி, அது நிலத்திலிருந்து சற்றே எழுந்து ஏறத்தாழ 50 மீற்றர் சென்றது. அதே பறவைச் சொல்லிலிருந்து 'ஆவியோன்' என்ற பெயரை ஆக்கியவர் அவரே. யுத்த அமைச்சின் பணத்தில் கட்டிய அவரது அடுத்த யந்திரம் 1897இல் பரிசோதிக்கப்பட்டுத் தோல்வியுற்றது. அமைச்சு கைவிட்டது. தாம் 1897இல் 300 மீற்றர் பறந்ததாக அவர் 1906இல் உரிமை கோரினார். பின்னர் வெளியான உத்தியோகபூர்வ அறிக்கை அதனை ஆதரிக்கவில்லை. ஆனால் 1911இல், பிரெஞ்சு இராணுவ வான்பிரிவின் பொறுப்பாளரான ஜெனரல் றோக், அடேரைக் கௌரவிக்கும் வகையில், இராணுவ வானூர்திகளை 'ஆவியோன்' என்று அழைக்குமாறு பணித்தார். உலக யுத்தம் அந்தச் சொல்லை ஒவ்வொரு பிரெஞ்சு வீட்டுக்கும் கொண்டுசென்றது. பறந்தவர் என்ற பெருமையை இழந்த மனிதர், பறப்பதன் பெயரை வென்றார்.

அமெரிக்காவில் இதற்கு எதிர்மாறான கதை. ஸ்மித்சோனியன் நிறுவகத்தின் செயலாளரான சாமுவேல் லாங்லி, தன் யந்திரத்துக்கு 'ஏரோட்ரோம்' என்று பெயரிட்டார். காற்றில் ஓடுவது என்பது அவர் கொண்ட பொருள். 1896 மே 6ஆம் திகதி, ஆளில்லாத அவரது நீராவி மாதிரி ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் பறந்தது. ஆனால் மனிதனைச் சுமக்கும் பெரிய ஏரோட்ரோம் 1903 ஒக்டோபர் 7ஆம் திகதியும் டிசெம்பர் 8ஆம் திகதியும் பொட்டோமக் ஆற்றில் வீழ்ந்தது. ஒன்பது நாட்களின் பின்னர், டிசெம்பர் 17ஆம் திகதி, ரைட் சகோதரர்கள் பறந்தனர். லாங்லி 1906இல் காலமானார். அவருடைய சொல்லோ வேறு பொருள் பூண்டு, விமானங்கள் ஏறி இறங்கும் திடலைக் குறிக்கலாயிற்று. அவரது யந்திரம் ஆற்றுக்குள் போயிற்று; அதன் பெயர் தரையில் நிலைத்து, பிறர் பறப்பதற்கு இடம் கொடுத்தது.

ரைட் சகோதரர்கள் சொற்களில் சிக்கனமானவர்கள். தமது ஊர்தியை 'ஃப்ளையர்' என்றார்கள். 1906 மே 22ஆம் திகதி அவர்களுக்குக் கிடைத்த காப்புரிமையின் தலைப்பு 'பறக்கும் யந்திரம்' என்பதே. அந்தப் பத்திரத்தில் 'ஏரோபிளேன்' என்ற சொல் முழு ஊர்தியையும் குறிக்கவில்லை. அதன் சிறகுத் தளத்தையே குறித்தது. சிறகுகளின் ஓரங்களை முறுக்கிச் சமநிலை காப்பதே அவர்களுடைய கண்டுபிடிப்பின் உயிர். பிறர் முறுக்குவதற்குப் பதிலாக, ஓரத்தில் தனித்து அசையும் சிறு பலகையைப் பொருத்தி, அதற்குப் பிரெஞ்சு மொழியில் சிறு சிறகு என்ற பொருளில் 'எயிலரோன்' என்று பெயரிட்டனர். பெயர் வேறானதால் பொருளும் வேறாகுமா என்பதே நீதிமன்றங்கள் முன் நின்ற கேள்வி. அத்தகைய பலகைக்கு இங்கிலாந்தில் மத்தியூ போல்ட்டன் 1868இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஆயினும், 1914 ஜனவரியில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் கேர்ட்டிஸுக்கு எதிராக ரைட் தரப்புக்கே தீர்ப்பளித்தது. யுத்த நிர்ப்பந்தத்தால் 1917இல் காப்புரிமைகள் யாவும் பொதுவில் பகிரப்பட்ட பின்னரே அமெரிக்காவில் இப்பிணக்கு ஓய்ந்தது.

அதனிலும் கசப்பானது ஒரு காட்சிப் பலகையின் கதை. 1914இல் கேர்ட்டிஸ், லாங்லியின் பழைய யந்திரத்தைப் பல மாற்றங்களுடன் செப்பனிட்டுச் சிறிது தூரம் பறக்கவைத்தார். அதன் பின்னர் ஸ்மித்சோனியன், மனிதனைச் சுமந்து பறக்க 'வல்லதாக' இருந்த உலகின் முதல் யந்திரம் அதுவே என்ற கருத்தில் அதனைக் காட்சிக்கு வைத்தது. பறந்தது என்று எழுதவில்லை. பறக்க வல்லது என்று எழுதினார்கள். அந்த ஒரு சொல்லினால் புண்பட்ட ஓர்வில் ரைட், 1903ஆம் ஆண்டின் ஊர்தியை 1928இல் லண்டன் விஞ்ஞான அரும்பொருளகத்துக்கு அனுப்பிவிட்டார். 1942இல் ஸ்மித்சோனியன் தன் கூற்றைப் பகிரங்கமாக மீளப்பெற்றது. ஊர்தி தாயகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது 1948 டிசெம்பர் 17ஆம் திகதி. அதனைக் காண ஓர்வில் உயிருடன் இருக்கவில்லை. அதே ஆண்டு ஜனவரியில் அவர் காலமாகியிருந்தார்.

இவை யாவும் மேலே பறந்தவர்களும் பறக்க முயன்றவர்களும் தமக்குள் நடத்திய சொற்போர்கள். கொனெஸ் கிராமத்தவரை இவர்கள் மறந்துவிட்டார்கள். ஆனால் ஆகாயம் அவர்களை மறக்கவில்லை.

1849இல் வெனிஸ் நகரை முற்றுகையிட்ட ஒஸ்ரியப் படையினர், ஆளில்லாப் பலூன்களில் குண்டுகளைத் தொங்கவிட்டு நகரை நோக்கி அனுப்பினர். காற்று மாறியதால் சில அவர்களிடமே திரும்பின. விளைந்த சேதம் அற்பமே. எனினும், எவருக்கும் தீங்கு செய்யாது என்று கூறப்பட்ட யந்திரம் 66 ஆண்டுகளில் குண்டு சுமந்துவிட்டது. 1899இல் ஹேக் மாநாட்டில் கூடிய நாடுகள், பலூன்களிலிருந்தும் அவை போன்ற புதிய சாதனங்களிலிருந்தும் வெடிபொருட்களை எறிவதில்லை என்று பிரகடனம் செய்தன. அதன் ஆயுள் ஐந்தே ஆண்டுகள். 1911 நவம்பர் 1ஆம் திகதி, லிபியாவில் இத்தாலிய விமானி ஜூலியோ கவோத்தி, தன் விமானத்திலிருந்து நான்கு கைக்குண்டுகளைக் கீழே எறிந்தார். விமானத்திலிருந்து வீசப்பட்ட முதற் குண்டுகள் அவை என்பது வரலாற்றாசிரியர்களின் பொதுக்கருத்து. அவர் செலுத்தியது 'டவ்பே' வகை விமானம். ஜேர்மன் மொழியில் அச்சொல்லுக்குப் பொருள் புறா.

இனி நமது மொழிக்கு வருகிறேன். பிரெஞ்சுக்காரர் பந்தின் பெயரை ஆகாயத்துக்கு ஏற்றினார்கள்; நாம் கோயிலின் பெயரை ஏற்றினோம். கருவறைக்கு மேல் எழும் கட்டடத்தை விமானம் என்கிறோம். தேவர்களின் ஊர்தியும் விமானமே. புறநானூற்றின் 27ஆம் பாடலில், செலுத்துபவன் இல்லாமலே செல்லும் வானவூர்தி பற்றிய குறிப்பு வருகின்றது. புகழுடன் வாழ்ந்தோர் அடையும் பேறாக அது பேசப்படுகின்றது. இதனைக் காட்டி, நம்முன்னோர் விமானம் ஓட்டினர் என்று வாதிடுவோர் உளர். சொல்லின் வயது யந்திரத்தின் வயதாகாது. வேதகாலத்து விமான நூல் என்று கொண்டாடப்பட்ட 'வைமானிக சாஸ்திரம்' 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதப்பட்டது என்பதையும், அதில் கூறப்படும் ஊர்திகள் பறக்க இயலாதவை என்பதையும், பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகத்தினர் 1974இல் தெளிவுபடுத்தினர். முன்னோர் நமக்கு விட்டுச்சென்றது யந்திரத்தையன்று. யந்திரம் வந்தபோது தடுமாறாமல் பெயர் சொல்லக்கூடிய ஒரு மொழியை. அதுவே பெரும் சொத்து. எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் 1947 டிசெம்பர் 10ஆம் திகதி ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை ஊடாகச் சென்னைக்குப் பறந்தபோது, அந்த டக்கோட்டாவுக்குச் 'சீதா தேவி' என்று பெயரிட்டவர்களும் அந்தப் பழைய சொத்திலிருந்தே எடுத்தார்கள்.

ஆசிரியபீடத்தில் டெலிபிரிண்டரில் வந்து விழும் செய்திகளைத் தமிழாக்கிய நாட்களில், இச்சொற்களுடன் நாள்தோறும் மல்லுக்கட்டியிருக்கிறேன். விமானமா, வானூர்தியா? ஹெலிகொப்டரா, உலங்கு வானூர்தியா? பரசூட்டா, வான்குடையா? நல்ல தமிழ் வேண்டும் என்று ஒரு சாராரும், மக்களுக்கு விளங்கவேண்டும் என்று இன்னொரு சாராரும் வாதிடுவர். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆனால் நாங்கள் மேசையில் விவாதித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, வடக்கில் மக்கள் எங்களைக் கேளாமல் தமக்கான சொற்களை ஆக்கிக்கொண்டிருந்தார்கள்.

1980களிலும் அதன் பின்னரும் யாழ்ப்பாணத்துச் சிறுவர்கள் சத்தத்தைக் கொண்டே வானூர்தியின் வகையைச் சொன்னார்கள். குண்டுவீச்சு விமானம் என்று எழுதியது பத்திரிகை. 'பொம்மர்' என்றார்கள் அவர்கள். மெல்ல வந்து, வயிற்றிலிருந்து குண்டுகளை உருட்டிவிடும் சரக்கு விமானத்துக்குச் 'சகடை' என்று பெயர் வைத்தார்கள். சக்கரம் பூட்டிய பாரவண்டியைக் குறிக்கும் பழஞ்சொல் அது. அந்தப் பெயரில் பயமும் இருந்தது, ஏளனமும் இருந்தது. ஒருவர் 'சகடை வருகுது' என்றால், எவ்வளவு நேரத்துக்குள் பதுங்குகுழிக்குள் இறங்கவேண்டும் என்பது கேட்டவருக்குத் தெரியும். அகராதி எதுவும் இவ்வளவு துல்லியமாகப் பொருள் சொன்னதில்லை. 1987 ஜூன் 4ஆம் திகதி இந்திய விமானப்படையின் ஐந்து அன்டனோவ் விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மேல் பரசூட் மூலம் உணவுப்பொதிகளை இறக்கின. அந்நடவடிக்கைக்கு இட்ட பெயர் 'பூமாலை'. அன்னோனேயில் முதற் பலூன் எழுந்ததும் ஒரு ஜூன் 4ஆம் திகதியே. வீழ்ச்சியைத் தடுப்பது என்ற பொருளில் லெனோர்மாந்து என்ற பிரெஞ்சுக்காரர் 18ஆம் நூற்றாண்டில் ஆக்கிய சொல்லை, அன்று எங்கள் கிராமத்து மூதாட்டிகளும் உச்சரித்தார்கள்.

இன்று பயணிகள் விமானத்தில் ஏறும் ஒவ்வொருவரும், தம்மை அறியாமலே 18ஆம் நூற்றாண்டின் கடலில் பயணம் செய்கின்றனர். கப்டன், மாலுமிக் குழு, சுக்கான், கடல்மைல் கணக்கு எல்லாம் அங்கே இருக்கின்றன. அந்தச் சொற்களில் ஒன்றேனும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர் ஆக்கியதன்று. அகராதிகள் அவ்வாறானவரின் சொற்களைப் பெரும்பாலும் பதிவதில்லை. கொனெஸ் மக்கள் அந்த உருண்டையைத் தம் பேச்சில் என்னவென்று அழைத்தார்கள் என்று எந்த நூலும் எனக்குச் சொல்லவில்லை. அரசாங்கம் அவர்களுக்குக் கொடுத்த பெயர் மட்டுமே மிஞ்சியுள்ளது.

இந்நாட்களில் ஆளில்லா விமானங்களைக் குறிக்கும் 'ட்ரோன்' என்பது ஆண் தேனீயின் பெயர். 1930களில் பிரித்தானியர் பயிற்சி இலக்காக உருவாக்கிய 'இராணித் தேனீ' என்ற ஆளில்லா விமானத்தை ஒட்டி அமெரிக்கக் கடற்படையில் பிறந்த பெயர் என்பர். பந்து, புறா, தேனீ என்று ஆகாயத்திலிருந்து வரும் பெயர்கள் எப்போதும் சாதுவானவை. அவற்றின் மெய்யான பொருளை அறிய விரும்புவோர், கீழேயுள்ளவர்கள் அவற்றை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று கேட்டறியவேண்டும். வடக்கில் பொம்மரையும் சகடையையும் சத்தத்தால் இனங்கண்ட சிறுவர்களுக்கு இன்று நடுவயது. அச்சொற்களை அவர்கள் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி எழுதிவைப்பாராயின், கொனெஸ் மக்களுக்கு நேர்ந்தது நமக்கு நேராது.